நான் எழுதவில்லையே, பாராட்டினேன்... அவ்வளவுதானே?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்குக் காசிமேடு. மீன் சமையல் வீடியோ போடுகிறேன். சேனலில் நாலு லட்சம் பேர் இருக்கிறார்கள். போன வருடம் ஒரு பதிப்பகத்து ஆட்கள் வீட்டுக்கே வந்து, ஒரு தொழிலதிபர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தின் வெளியீட்டு விழாவில் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். சின்ன வயதில் ராயபுரம் ஸ்டேஷனில் படுத்துத் தூங்கியவர், ஹார்பரில் மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவர், சுகரைக் கஷாயம் குடித்தே விரட்டி மாத்திரையைத் தூக்கிப் போட்டவர் என்று அதில் இருந்தது. முதல் இருபது பக்கம்தான் படித்தேன், அழுதுவிட்டேன். விழாவில் பேசினேன். என் சேனலிலும், "அண்ணன் சொல்றது அத்தனையும் உண்மை, சுகர் இருக்கிறவங்க இந்தக் கஷாயப் பக்கத்தை அவசியம் படிங்க" என்று வீடியோ போட்டேன். 'போக்குவரத்துச் செலவு' என்று 25,000 ரூபாயும் ஐம்பது புத்தகமும் கொடுத்தார்கள்.

இப்போது அவரே ஒரு பேட்டியில், "சுவாரசியத்துக்காகக் கொஞ்சம் சேர்த்தேன், ஸ்டேஷன் கதை என்னுடையது இல்லை, மாத்திரையை நான் நிறுத்தவே இல்லை" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். "அக்கா, நீ சொல்லித்தானே வாங்கினேன்" என்று கமெண்டில் கேட்கிறார்கள். பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர் மாத்திரையை நிறுத்தி, காலில் புண் வந்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறார். பதிப்பகம் பேசாமல் இருக்கச் சொல்கிறது. தோழி வீடியோவை எடுத்துவிடச் சொல்கிறாள். வீட்டுக்காரர், "அந்தப் புக்கை நீயா எழுதின?" என்கிறார். நான் பொறுப்பா? கேஸ் வருமா? வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கணுமா?

— பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்:

தங்கச்சி, சட்டம் ஒரு நாள் காத்திருக்கும், சுகர் காத்திருக்காது. அதனால் முதல் வேலை அந்த வீடியோவைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள். இன்றைக்கே ஒரு நிமிட வீடியோ போடுங்கள். மீன், மசாலா எதுவும் வேண்டாம், இசையும் வேண்டாம். "நான் காட்டிய கஷாயப் பக்கம் பொய் என்று எழுதியவரே சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்தியவர்கள் உடனே டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்" என்று சொன்னால் போதும். விளக்கம், வருத்தம் எல்லாம் அப்புறம். முதலில் அதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. "நீயா எழுதின?" என்பது நல்ல வக்கீல் கேள்விதான். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்காக யார் ஆஜரானாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் உங்களிடம் கேட்கிறவர்கள் நீங்கள் எழுதியதைப் பற்றிக் கேட்கவில்லையே. "நீ சொன்னாயே" என்றுதான் கேட்கிறார்கள். அந்தத் தொழிலதிபரை அவர்களுக்குத் தெரியாது. பதிப்பகத்தின் பெயர்கூட அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்த முகம் உங்களுடையது ஒன்றுதான். காசு கொடுத்து உங்கள் வீடு தேடி வந்ததும் அந்த முகத்துக்காகத்தான்.

படிக்காமல் பாராட்டுவது நம் ஊர் வெளியீட்டு விழாக்களில் புதிதில்லை. அழைப்பிதழில் 'வாழ்த்துரை' என்று பெயர் போட்டுவிட்டால் பாதிப் பேர் காரில் வரும்போதுதான் அட்டையைப் பார்க்கிறார்கள். நான் உட்கார்ந்து கேட்ட மேடைகளில் புத்தகத்தின் தலைப்பையே மாற்றிச் சொல்லிவிட்டுக் கைதட்டு வாங்கியவர்கள் உண்டு. அதற்கெல்லாம் யார்மேலும் வழக்குப் போட முடியாது. "எனக்குப் பிடித்தது, அழுதுவிட்டேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் உங்களையும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது, அழுதது உண்மைதானே. நீங்கள் "அத்தனையும் உண்மை" என்றீர்கள். அது பாராட்டு இல்லை, சாட்சி. சாட்சி சொல்கிறவர் பார்த்திருக்க வேண்டும், அல்லது விசாரித்திருக்க வேண்டும். மார்க்கெட்டில் வஞ்சிரம் எடுக்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீங்கள் காசு எடுக்க மாட்டீர்கள். புத்தகத்துக்கும் செவுள் உண்டு. யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

இந்தச் சங்கடம் உங்களைவிடப் பல மடங்கு பெரிய ஆளுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓப்ரா வின்ஃப்ரே நடத்திய புத்தக வட்டத்தில் அவர் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாலே லட்சக்கணக்கில் விற்கும். 2005 செப்டம்பரில் ஜேம்ஸ் ஃப்ரே என்பவர் எழுதிய, போதையிலிருந்து மீண்ட வாழ்க்கைக் கதை ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். 2006 ஜனவரி 8-ஆம் தேதி 'தி ஸ்மோக்கிங் கன்' என்ற இணையதளம் போலீஸ் பதிவேடுகளைத் தோண்டி எடுத்து வெளியிட்டது. எண்பத்தேழு நாள் சிறையில் இருந்ததாகப் புத்தகத்தில் எழுதியவர், உண்மையில் காவலில் இருந்தது சில மணி நேரம்.

ஓப்ரா முதலில் என்ன செய்தார் தெரியுமா? ஜனவரி 11-ஆம் தேதி ஃப்ரே, லாரி கிங் என்ற தொலைக்காட்சிப் பேட்டியாளரின் நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது அங்கே தொலைபேசியில் வந்து, அந்தப் புத்தகம் சொல்லும் மீட்சி தன்னை இன்னமும் தொடுகிறது என்று அவருக்காகப் பேசினார். விவரம் முன்னே பின்னே இருக்கலாம், சொல்லும் செய்தி நல்லதுதானே என்ற பொருளில். உங்களுக்கும் இந்த யோசனையைச் சொல்ல ஆள் வருவார்கள், பதிப்பகமே வரும். "ஸ்டேஷனில் அவர் படுக்காவிட்டால் என்ன, நாலு பிள்ளைகளுக்கு உத்வேகம் கிடைத்ததே" என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் உண்மையாகவே பிளாட்பாரத்தில் படுத்து எழுந்து, ஹார்பரில் முதுகு உடைந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டை எடுத்துத் தன் பெயர் போட்டு விற்றதில் எனக்கு எந்த உத்வேகமும் தெரியவில்லை. கஷாயத்தைப் பொறுத்தவரை 'செய்தி'யே பொய்.

ஓப்ராவுக்கும் அது எடுபடவில்லை. இரண்டே வாரத்தில், ஜனவரி 26-ஆம் தேதி, ஃப்ரேயையும் அவருடைய பதிப்பாளர் நான் டலீஸையும் தன் மேடையிலேயே உட்காரவைத்து, தான் அன்றைக்குத் தொலைபேசியில் பேசியது தவறு, உண்மை முக்கியமில்லை என்ற எண்ணத்தை அது ஏற்படுத்திவிட்டது என்று பார்வையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். எந்த மேடையில் தூக்கி வைத்தாரோ அதே மேடையில் இறக்கினார். இதைத்தான் நான் உங்களுக்கும் சொல்வேன்: பாராட்டு எந்தச் சேனலில், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் வந்ததோ, திருத்தமும் அங்கேயே, அதே மாதிரி வரட்டும். இருபத்துநாலு மணி நேரத்தில் காணாமல் போகிற ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டுக் கையைக் கழுவ வேண்டாம்.

அதே ஓப்ராவிடமிருந்து செய்யக் கூடாதது ஒன்றும் கற்கலாம். அன்றைய மேடையில் ஃப்ரேயை அவர் வறுத்தெடுத்துவிட்டார். பிறகு 2011-இல் அவரைத் திரும்ப அழைத்து, அன்று கருணையில்லாமல் நடந்துகொண்டதற்காக அவரிடமே மன்னிப்புக் கேட்டார். ஆகவே உங்கள் வீடியோவில் அந்தத் தொழிலதிபரை 'ஃபிராடு', 'திருடன்' என்றெல்லாம் திட்ட வேண்டாம். கருணை ஒரு காரணம். இன்னொன்று, அவதூறு வழக்கு. அவர் வாயால் பேட்டியில் எதை ஒப்புக்கொண்டாரோ அதை மட்டும், அவர் சொன்ன அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். 'அவங்க அப்பா பெரிய பணக்காரராம்' என்ற தெருப்பேச்சு வேண்டவே வேண்டாம்.

சரி, சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, விளம்பரத்தில் முகம் காட்டுகிறவர்களைப் பிடிக்க நேரடியான வழி இல்லை. இந்தச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளைப் பற்றி ஒருவர் சொல்வதை, அது அவருடைய சொந்தக் கருத்து அல்லது அனுபவம் என்று வாங்குகிறவர்கள் நம்பும்படி இருந்தால், அது பரிந்துரை. அதைச் சொல்ல அமிதாப் பச்சனாக இருக்க வேண்டியதில்லை; மீன்குழம்பு வைக்கிற நீங்களும் அதில் வருவீர்கள். பரிந்துரைத்த விளம்பரம் பொய்யானது, மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று தெரிந்தால், டெல்லியிலுள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைத்தவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. ஒரு வருடம் வரை எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம். அடுத்த முறை அது மூன்று வருடம் வரை போகும்.

தொகையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அதே பிரிவில் தப்பிக்கும் வழியும் இருக்கிறது: சொல்லப்பட்டது உண்மையா என்று உரிய அக்கறையோடு சரிபார்த்தவருக்கு அபராதம் இல்லை. உங்கள் சிக்கல், இருபது பக்கத்தோடு நிறுத்தியது. கஷாயம் வருவது அதற்கு அப்புறம்தானே?

இதில் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. புத்தகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் விளம்பரம் ஆகாது. ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி மிகைப்படுத்தி எழுதியதை நீங்கள் ரசித்துப் பேசினீர்கள் என்பதற்காக ஆணையம் உங்களைத் தேடி வருவது கஷ்டம். ஸ்டேஷன் கதை மட்டும் என்றால், வழக்கு வராது என்றே ஏறக்குறையச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கஷாயப் பக்கத்தைக் கேமரா முன்னால் பிடித்து, 'சுகர் இருக்கிறவங்க அவசியம் படிங்க' என்று விற்றது நீங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று பழைய சட்டம் ஒன்று உண்டு. இன்னின்ன நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் பட்டியலே இருக்கிறது. அதில் நீரிழிவும் இருக்கிறது. அறிவியல் நோக்கிலோ சமூக நோக்கிலோ நல்லெண்ணத்தோடு எழுதிய புத்தகத்துக்கு அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. எழுதியவர் அந்த விலக்கைக் கேட்டுப் பார்க்கலாம். கிடைப்பது அவர் பாடு. உங்கள் வீடியோ புத்தகம் இல்லையே. 2024 மே மாதம் பதஞ்சலி விளம்பர வழக்கில் உச்ச நீதிமன்றமும், தவறான விளம்பரத்தில் வரும் பிரபலங்களும் சமூக ஊடகத்தில் செல்வாக்குள்ளவர்களும் விளம்பரம் கொடுத்தவருக்குச் சமமாகப் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது.

அடுத்து அந்த 25,000 ரூபாய். 'போக்குவரத்துச் செலவு' என்று பெயர் வைத்தால் அது வேறு பணம் ஆகிவிடாது. (காசிமேட்டிலிருந்து விழா மண்டபத்துக்கு எந்த ஆட்டோவில் போனீர்கள் என்று ஆணையத்தில் கேட்டால் என்ன சொல்வது?) 2022 ஜூனில் வந்த வழிகாட்டு விதிகளின்படி, பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பணத் தொடர்பு இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இலவசமாக வாங்கிய பொருளும் இதில் சேரும். ஆகவே அந்த ஐம்பது புத்தகமும் கணக்கில் வரும். 2023 ஜனவரியில் வெளியிட்ட விளக்கக் கையேடு இன்னும் தெளிவு. பார்ப்பவர் கண்ணில் படாமல் போகிற இடத்தில் போட்டால் செல்லாது, எந்த மொழியில் பரிந்துரைத்தீர்களோ அதே மொழியில் சொல்ல வேண்டும். தமிழில் பேசிவிட்டு, வீடியோவுக்குக் கீழே பத்து ஹாஷ்டேக் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை ஒளித்துவைப்பது எடுபடாது. உங்கள் விஷயத்தில் அதுகூட இல்லை போலிருக்கிறது. திருத்த வீடியோவில் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: இதற்கு நான் 25,000 ரூபாயும் புத்தகங்களும் வாங்கினேன் என்று. கமெண்டில் திட்டு விழும். விழட்டும். நாளைக்கு வேறு யாராவது வெளியிடுவதைவிட நீங்களே சொல்வது மேல்.

நடைமுறையில் என்ன நடக்கும்? என் அனுபவத்தை வைத்துச் சொன்னால், சில நூறு ரூபாய் புத்தகத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு யாரும் சாதாரணமாக அலைய மாட்டார்கள். வட சென்னைக்கான ஆணையம் பார்க் டவுன் பக்கம்தான் இருக்கிறது, ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. இருந்தாலும் போக மாட்டார்கள். அமெரிக்காவில் ஃப்ரேயின் புத்தகத்துக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டபோது, கெட்டி அட்டைப் பிரதி வாங்கியவர்கள் 163-ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்ப வேண்டும், உண்மைக் கதை என்று நம்பித்தான் வாங்கினேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும் என்றார்கள். லட்சக்கணக்கில் விற்ற புத்தகத்துக்குப் பணம் கேட்டு வந்தவர்கள் 1,729 பேர். ஆனால் உங்கள் பக்கத்துத் தெரு அக்காவின் கணக்கு வேறு. அவருக்கு ஆனது உடம்புச் சேதம். அவரோ அவர் பிள்ளைகளோ கேட்டால் அது புத்தக விலையோடு நிற்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் ஒரு போன் போடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். போயிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆட்டோவுக்கோ மருந்துக்கோ உதவ நினைத்தால் உதவுங்கள், நல்லதுதான். ஆனால் 'எந்தப் புகாரும் இல்லை' என்று எழுதிய எந்தக் காகிதத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். பதிப்பகத்து ஆள் அப்படி ஒரு காகிதத்தோடு உங்களைத் துணைக்குக் கூப்பிட்டால் போகவே போகாதீர்கள்.

பதிப்பகம் பேசாமல் இருக்கச் சொல்வது அவர்கள் நல்லதுக்கு. உங்களைவிட அவர்கள் பொறுப்பு பெரிது: அட்டையில் உண்மைக் கதை என்று போட்டு விற்றவர்கள் அவர்கள், கையெழுத்துப் பிரதியை முழுசாகப் படித்தவர்களும் அவர்கள்தான். ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்ற பெண், மூளைப் புற்றுநோயை உணவாலேயே சமாளித்ததாகச் சொல்லிச் சமையல் புத்தகம் போட்டார். 2015-இல் தனக்குப் புற்றுநோயே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2017-இல் நீதிமன்றம் அவருக்கு 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. புத்தகத்தைப் போட்ட பெங்குயின் நிறுவனமும் அவர் சொன்னதைச் சரிபார்க்காததற்காக நுகர்வோர் நிதிக்கு 30,000 டாலர் கட்டியது. எனவே பதிப்பகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: விற்பனையை நிறுத்துகிறீர்களா, வாங்கியவர்களுக்குப் பணம் தருகிறீர்களா, அச்சுக்குப் போகும் முன் எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், கஷாய அத்தியாயத்தை எந்த டாக்டர் படித்தார்? போனில் பேச வேண்டாம், மெயில் போதும். ஒப்பந்தம் என்று ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால், நிறுவனத்துக்கு எதிராகப் பேசக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தாலும் மாத்திரை பற்றிய எச்சரிக்கையை நிறுத்தாதீர்கள். மற்ற விமர்சனத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

25,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பதிப்பகத்திடமே திருப்பிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமும் இல்லை. பொய்யை விற்றவர்களுக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதான். உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கிய தெருக்காரர்கள் புத்தகத்தைக் கொண்டுவந்தால் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் இலவசப் பிரதிகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், பழைய பேப்பர் கடைக்குக்கூட. அது சுற்றிச் சுற்றி மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வந்து உட்காரும்.

வீடியோவை எடுப்பதா, வேண்டாமா? தோழி சொன்னதில் பாதி சரி. கஷாயப் பக்கம் இன்னும் நாலு பேர் கண்ணில் படக் கூடாது, அதனால் பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள். ஆனால் அழிக்காதீர்கள். மூலக் கோப்பு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, கமெண்டுகள், பதிப்பகத்தோடு பேசிய வாட்ஸ்அப், ஜிபேயில் பணம் வந்த பதிவு எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் சேமியுங்கள். சத்தமில்லாமல் அழித்தால் ஒளித்தது போலத்தான் தெரியும். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எப்படியும் யாரிடமாவது இருக்கும். திருத்த வீடியோ முதலில், எடுப்பது அதற்கு அப்புறம். வரிசை முக்கியம்.

இனிமேல் புத்தகமே வேண்டாம் என்று முடிவு எடுத்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சேனல்கள் குறைவு. முழுசாகப் படியுங்கள், நோய், மருந்து, பண முதலீடு என்று வந்தால் அந்தந்தத் துறைக்காரரிடம் காட்டாமல் வாயைத் திறக்காதீர்கள். மனதுக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆணையத்திலிருந்தோ வக்கீலிடமிருந்தோ நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்க வேண்டாம், அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பதில் போக வேண்டும். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். போகும்போது நோட்டீஸோடு அந்த வாட்ஸ்அப் உரையாடலின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.